ஏ.எல் முடிந்துவிட்டது, கம்பஸ் இன்னும் தொடங்கவில்லை: இடையில் பிளேட்டோ வாசிக்கிறவர்கள் யாராவது உண்டா?

மல்லாவி_மதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மல்லாவிப் பக்கம். மட்ஸ் படித்தேன். ரிசல்ட் வந்து கம்பஸுக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. அறிவியல் நகர் பொறியியல் பீடம் கிடைக்கும் என்று ரியூசன் சேர் சொல்கிறார். எப்போது கூப்பிடுவார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. முந்தின பட்ச் அக்கா ஒருவர் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டுத்தான் போனார்.

ஓ.எல் முடிந்ததிலிருந்து பாஸ்ட் பேப்பரைத் தவிர வேறு எதையும் நான் வாசித்ததில்லை. இப்போதுதான் கை சும்மா இருக்கிறது. இரண்டின் வர்க்கமூலம் பற்றி யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தபோது "மெனோ" என்ற பெயர் வந்தது. தேடிப் பார்த்தால் அது பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடல். சோக்கிரட்டீஸ் ஓர் அடிமைப் பையனைக் கூப்பிட்டு ஒரு சதுரத்தைக் கீறிக் காட்டுகிறார். பக்கம் 2 அடி, பரப்பு 4. இதைப்போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். பையன் யோசிக்காமல் 4 என்கிறான். அப்படியென்றால் பரப்பு 16 ஆகிவிடும். சரி, 3 என்கிறான். அது 9. அப்புறம் சத்தியமாக எனக்குத் தெரியாது என்று நிற்கிறான். அந்த இடத்தில் சோக்கிரட்டீஸுக்கு வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! இவன் இப்போதுதான் முன்னேறியிருக்கிறான் என்று மெனோவிடம் சொல்கிறார். கடைசியில் மூலைவிட்டத்தின் மேல் சதுரம் கீறினால் 8 வருகிறது.

பைதகரஸ் தேற்றத்தை எத்தனையோ தரம் செய்திருக்கிறேன். ஒருவன் தெரியாது என்று சொன்னதற்கு இன்னொருவர் சந்தோஷப்பட்டதை அங்கேதான் முதலில் கண்டேன்.

அதோடு பிடித்துக்கொண்டது. சோக்கிரட்டீஸின் வழக்கு வாசித்தேன். புறநானூறு உரையோடு கொஞ்சம். இப்போது தஸ்தயெவ்ஸ்கியின் "குற்றமும் தண்டனையும்" பாதியில் நிற்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்த பிறகு போனில் வாசிப்பதுதான்.

கேட்க வந்தது இவைதான். இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு உண்டா? தமிழில் எதைத் தொடலாம்? கம்பஸ் போக முதல் இப்படி வாசித்தவர்கள் இருந்தால், போன பிறகும் அது தொடர்ந்ததா? பெரியம்மா தினமும் "இதை வாசிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று நான் கேட்கவில்லை. அதை நானே சமாளித்துக்கொள்வேன்.

---

ஏ9_பயணி எழுதியது:

தங்கச்சி, கோபிக்க வேண்டாம். நானும் பொறியியல் படித்து முடித்தவன்தான். முதல் செமஸ்டரில் எங்கள் பட்ச்சில் பலர் தடுமாறியது கணிதத்தில் இல்லை, ஆங்கிலத்தில். விரிவுரை, லாப் ரிப்போர்ட், வைவா எல்லாம் ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு அங்கே போய் நிற்கும்போது வாய் திறக்க வராது. இந்த மாதங்களை ஆங்கிலத்துக்கும் பைதனுக்கும் கொடுங்கள். பிளேட்டோ 2400 வருடமாக அங்கேயேதான் இருக்கிறார், இன்னும் நாலு வருடம் காத்திருப்பார்.

---

பரந்தன்_சந்தி எழுதியது:

அவர் காத்திருப்பார். வாசிக்கிறவருக்கு அதற்குள் வேலை, கலியாணம், லீசிங் எல்லாம் வந்துவிடும்.

மற்றது, மதி போனில் வாசிப்பது எந்த மொழிபெயர்ப்பு? இலவசமாகக் கிடைக்கிறது என்றால் அநேகமாக யோவெட். அது 19ஆம் நூற்றாண்டு ஒக்ஸ்போர்ட் ஆங்கிலம். அதை அகராதியோடு கடக்கிற பிள்ளைக்கு லாப் ரிப்போர்ட் ஒரு பொருட்டா?

---

ஏ9_பயணி எழுதியது:

லாப் ரிப்போர்ட்டை "ஏதென்ஸ் மக்களே" என்று தொடங்கினால் இன்ஸ்ட்ரக்டர் வாசிக்காமலே திருப்பிக் கொடுப்பார், அண்ணை.

---

மல்லாவி_மதி எழுதியது:

யோவெட்தான். முதல் சில பக்கங்களுக்கு ஒவ்வொரு வரிக்கும் அகராதி பார்த்தேன். பிறகு குறைந்துவிட்டது. பைதனும் பகலில் படிக்கிறேன் அண்ணா. இரண்டும் அடித்துக்கொள்ளவில்லை.

---

முள்ளியவளை_வாத்தி எழுதியது:

பிள்ளை, ஒழுங்கு கேட்டிருக்கிறீர். ஏதென்ஸுக்குப் போகும் வழியில் வற்றாப்பளையில் ஒருக்கால் இறங்கிப் போகச் சொல்லுவேன்.

வைகாசிப் பொங்கலுக்குப் போயிருப்பீர். வன்னியில் பிறந்து போகாத ஆள் குறைவு. சிலாவத்தைக் கரையில் கடல்நீர் எடுத்து, காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரிலேயே விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டுபோவார்கள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாளாம். அவர்கள் பொங்கிக் கொடுத்தார்களாம். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொன்னாளாம். இது எங்கள் ஊர்க் கதை. மதுரையை எரித்துவிட்டு வந்த பெண் இங்கே பெடியளிடம் சோறு கேட்கிறாள்! இளங்கோவின் காப்பியத்தில் கண்ணகி சேரநாட்டு மலையில் வேங்கை மரத்தடியில் நின்று வானுலகம் போகிறாள். எங்கள் சனம் அதை ஏற்கவில்லை. அவள் கடல் கடந்து வந்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டது. சிலப்பதிகாரமும் இந்தப் பக்கத்தை முற்றாக மறந்துவிடவில்லை. செங்குட்டுவன் கோயில் எடுத்தபோது வந்திருந்தவர்களில் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்" உண்டு என்று வரந்தரு காதை சொல்கிறது.

"சிலம்பு கூறல்" என்று இந்தப் பக்கத்துக்கே உரிய பாட்டு இருக்கிறது. கோவலன் கூத்து இருக்கிறது. சின்ன வயதில் விடிய விடியக் கூத்துப் பார்த்த எனக்குப் பிறகு சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தபோது பாதிப்பேரைத் தெரிந்திருந்தது. அந்த வசதி உமக்கும் இருக்கிறது. ஹோமரை வாசிக்கும் கிரேக்கப் பிள்ளைக்குக்கூட இன்றைக்கு அது இருக்குமோ தெரியாது.

கம்பஸ் போக முதல் வாசித்தவர் உண்டா என்று கேட்டீர். நாங்கள் வாசித்தது தொண்ணூறுகளில். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு என்றபடியால் ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்தோம். ஒரு மணித்தியாலம் வாசித்தால் அம்மா கத்தத் தொடங்குவார். 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த சனத்தில் சிலர் உடுப்பை விட்டுவிட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார்கள். அப்படி வந்த ஒருவரின் சைக்கிள் கரியர்ப் பெட்டிக்குள்தான் "வால்காவிலிருந்து கங்கை வரை"யைக் கண்டேன். கண. முத்தையாவின் தமிழ். அட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. அந்தப் புத்தகம் எத்தனை வீடு போனது என்று கணக்கில்லை. நான் அதை வாசித்தது மற்றவர் திருப்பிக் கேட்பதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில். அந்த அவசரம் ஒரு தனி ருசி. 2009க்குப் பிறகு அதுவும் இல்லை, என்னிடம் இருந்த மற்றவையும் இல்லை.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை மட்டும் முதலில் வாசியும். பிறகு வந்து சொல்லும்.

---

மல்லாவி_மதி எழுதியது:

வாத்தியார் ஐயா, வாசித்தேன். ஓ.எல் தமிழில் படித்த கதைதான், ஆனால் அப்போது அது ஐந்து புள்ளிக் கேள்வி. இப்போது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

சோக்கிரட்டீஸும் ஒரு நீதிமன்றத்தில்தான் நிற்கிறார், கி.மு. 399இல். இளைஞரைக் கெடுக்கிறார், ஊர் நம்பும் தெய்வங்களை நம்பவில்லை என்று குற்றச்சாட்டு. குற்றஞ்சாட்டிய மெலிட்டஸை அவர் குறுக்கு விசாரணை செய்யும் இடம் நல்ல பகிடி. ஆனால் கூர்ந்து பார்த்தால் அவர் எதையும் நிரூபிக்கவில்லை. மெலிட்டஸ் சொல்வது ஒன்றுக்கொன்று முரண் என்று காட்டுகிறார், அவ்வளவுதான்.

கண்ணகி அப்படியில்லை. "தேரா மன்னா" என்று தொடங்கியதைப் பார்த்தால் கோபத்தில் கத்தப்போகிறாள் என்று நினைப்போம். அவளோ ஒரு பரிசோதனையை வைக்கிறாள். என் சிலம்புக்குள் பரல் மாணிக்கம். அரசன் தன் தேவியின் சிலம்பில் முத்து என்கிறான். அப்படியென்றால் உடைத்துப் பார்த்தால் தெரியும். இரண்டில் ஒன்றுதான் வரமுடியும். உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. முடிந்தது. முடிவு எப்படி வந்தாலும் ஏற்பேன் என்கிற இடத்துக்கு அரசனை முதலே கொண்டுவந்துவிடுகிறாள். கணிதம் படிக்கிறவளாகச் சொல்கிறேன், இரண்டு வழக்கிலும் நிறுவல் கண்ணகியுடையதுதான்.

---

பரந்தன்_சந்தி எழுதியது:

இதை அப்படியே பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டவும்.

---

அளவை எழுதியது:

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கிறேன். சொந்த ஊர் நெடுங்கேணி. ஏ.எல்லில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுத்தேன், அதிலிருந்து இங்கே வந்தேன். மதிக்கு ஒழுங்கு பற்றி என் அபிப்பிராயம்: பிளேட்டோவின் குடியரசை முதலில் எடுக்க வேண்டாம். யூதிப்ரோ, சோக்கிரட்டீஸின் வழக்கு, கிரிட்டோ, பைடோ என்று சின்னதாகப் போகலாம். நான்கும் சேர்ந்து ஒரே ஆளின் கடைசிக் காலம். வழக்கை ஏற்கெனவே வாசித்துவிட்டதால் கிரிட்டோவுக்குப் போங்கள். சிறைக்குள் நண்பன் வந்து, காவலனைச் சரிக்கட்டியாயிற்று, தப்பிப் போகலாம் என்கிறான். சோக்கிரட்டீஸ் மறுக்கிறார். அவர் சொல்லும் காரணம் எனக்கு இன்றுவரை முழுதாகப் பிடிக்கவில்லை, அதனாலேயே அடிக்கடி வாசிக்கிறேன். குடியரசைப் பிறகு தமிழில் வாசிக்க விருப்பம் என்றால் வெ. சாமிநாத சர்மா செய்தது இருக்கிறது. பழைய நடை, ஆனால் தெளிவு.

கண்ணகிக்கு நீங்கள் சொன்னதைப் பார்த்த பிறகு மணிமேகலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 27ஆவது காதையில் அவள் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். எப்படிப் போகிறாள் தெரியுமா? ஆண் துறவி வேடத்தில். இளம்பெண் என்று தெரிந்தால் ஒருவரும் உனக்கு உண்மைப் பொருளைச் சொல்லமாட்டார்கள், வேற்றுருக் கொள் என்று மணிமேகலா தெய்வம் அவளுக்கு முன்னமே சொல்லியிருக்கிறது. பூதவாதி ஒருவன் கண்ணால் கண்டதைத் தவிர வேறு அளவை இல்லை என்கிறான். அவள் சிரித்துவிட்டு, உன் தாய் தகப்பனை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்விக்காகவே முழுக் காதையையும் வாசிக்கலாம்.

29ஆவது காதை கடினம். அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த அளவையியல் படிப்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று போகும். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களை போல. நான் ஏ.எல்லில் ஆங்கிலப் பெயர்களோடு மனப்பாடம் செய்த அனுமானம் தமிழ்க் காப்பியத்துக்குள் கிடக்கிறது என்று எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தொடர்ந்ததா என்றால் பாதி. இப்போது எனக்கு மெய்யியல் என்றால் விரிவுரைக் குறிப்பு, அசைன்மென்ட், சீனியரிடம் வாங்கிய நோட்ஸ். கான்ட் பற்றிக் கேள்வி வந்தால் எழுதுவேன். சும்மா ஒரு மத்தியானம் கான்டை எடுத்து வாசிப்பேனா என்றால் மாட்டேன். கம்பஸ் வர முதல், வீட்டில் இருந்த காலத்தில் வாசித்ததை மட்டும்தான் யாரோடும் சண்டை பிடிக்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். அதனால் ஏ9 அண்ணாவின் ஆலோசனை நல்ல மனதோடு சொன்னது என்றாலும் நான் அதற்கு எதிர்.

---

ஏ9_பயணி எழுதியது:

மெய்யியல் படிக்கிற ஆளே மெய்யியல் வாசிப்பதில்லை என்கிறார். பிறகு நான் என்ன சொல்ல?

---

அளவை எழுதியது:

அதைத்தானே நானும் சொன்னேன். பரீட்சை வந்தால் ருசி போய்விடும். அவருக்கு இந்தப் பாடத்தில் பரீட்சையே வராது. எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்!

---

மட்டுறுத்துநர் எழுதியது:

இந்த இழையில் இடப்பட்ட இரண்டு பிடிஎஃப் இணைப்புகளை நீக்கியிருக்கிறோம். பதிப்புரிமை உள்ள புத்தகங்களின் ஸ்கான் பிரதிகளை இங்கே பகிர வேண்டாம். சங்க இலக்கியம், காப்பியங்கள் என்றால் மதுரைத் திட்டத்தில் 1998இல் இருந்து இலவசமாக ஏற்றி வருகிறார்கள். ஈழத்துப் புத்தகங்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் நூலகம் தளம் இருக்கிறது. அந்த இணைப்புகளைத் தாராளமாகப் போடலாம்.

---

தரப்பாள் எழுதியது:

வாசிக்கிறீர்கள், சந்தோஷம். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மதி இன்னும் அங்கே போகவில்லை, ஆனால் போவார். எல்லோரும் இப்போது அங்கேதான் போகிறார்கள். ஸ்டோயிக் தத்துவம். யூடியூபைத் திறந்தால் ஒரு தாடிக்காரச் சிலை, பின்னால் மெல்லிய இசை, "உன் கட்டுப்பாட்டில் இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதே".

2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தேன். அங்கே வந்த ஆலோசகர் ஒருவர் இதையேதான் வேறு சொற்களில் சொன்னார். நடந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா எழும்பிப் போய்விட்டார். தத்துவம் என்ற பெயரில் இழந்தவனுக்குப் பொறுமை சொல்லிக் கொடுக்கிற எதையும் எனக்குப் பிடிப்பதில்லை. ரோமாபுரிச் சக்கரவர்த்திக்கு இது சொல்ல லேசு.

---

அளவை எழுதியது:

அண்ணை, உங்கள் கோபத்தோடு எனக்குப் பிணக்கு இல்லை. யூடியூப் சிலையோடு எனக்கும் பிணக்கு. ஆனால் ஆட்களைச் சரியாகப் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டில் உள்ளது, இல்லாதது என்று பிரித்துத் தன் கைநூலைத் தொடங்கும் எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர், கால் ஊனம். அதை அவர் எழுதவும் இல்லை, அர்ரியன் (Arrian) என்ற மாணவன் தொகுத்தது. மார்க்கஸ் அவுரேலியஸ் சக்கரவர்த்திதான். பிள்ளைகளில் பலரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். குறிப்புகளில் ஒரு பகுதி தானியூப் எல்லையில் படைமுகாமில் எழுதியது. ஊருக்கு உபதேசம் பண்ண எழுதவில்லை, தனக்குத்தானே எழுதிக்கொண்டது. விடியவே எழும்ப மனமில்லை என்று தன்னோடு வாதாடுகிற இடம் ஐந்தாம் புத்தகத்தின் தொடக்கத்தில் வருகிறது. தனக்குச் சொல்வது வேறு, முகாமில் நிற்கிற அம்மாவுக்குச் சொல்வது வேறு. இரண்டாவதைச் செய்த ஆளுக்கு மார்க்கஸ் பொறுப்பில்லை.

---

தரப்பாள் எழுதியது:

அந்த வித்தியாசத்தை ஏற்கிறேன். ஆனாலும் எனக்குப் புறநானூறுதான். 194ஆவது பாட்டு, பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் கலியாண முழவு. கூடினவர் பூச்சூட, பிரிந்தவர் கண்ணில் நீர். இப்படி ஒரு உலகத்தைப் படைத்தானே "பண்பிலாளன்" என்று முதலில் ஏசுகிறார். அதற்குப் பிறகுதான் "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க" என்கிறார். உங்கள் ஸ்டோயிக் ஆட்கள் உலகம் ஒரு பேரறிவின்படி ஒழுங்காக நடக்கிறது என்று தொடங்குகிறார்கள். இந்த ஆள் படைத்தவனை நேரே பேசிவிட்டுத் தொடங்குகிறார். பேசவிட்ட பிறகு சொன்னால் நானும் கேட்பேன்.

112ஐப் பற்றிக் கதைக்க மாட்டேன். பாரியின் பிள்ளைகள், போன மாத நிலவு, இந்த மாத நிலவு, குன்றும் இல்லை தகப்பனும் இல்லை. வன்னியில் இருந்துகொண்டு அதற்கு உரை எழுதத் தேவையில்லை.

---

முள்ளியவளை_வாத்தி எழுதியது:

112ஐ நான் வகுப்பில் படிப்பிக்கிறபோது எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவேன். பிள்ளைகளுக்கு விளங்காமல் இல்லை.

---

காலபோகம் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இரணைமடுக்குக் கீழே வயல் செய்கிறேன். என் மகனும் பயோ எழுதிவிட்டு இருக்கிறான். அவனும் இப்படித்தான் விடிய இரண்டு மணி வரைக்கும் போனும் கையுமாக. கேம் விளையாடுகிறான் என்று நினைத்துப் பறித்துப் பார்த்தால் ரஷ்யக் கதை. ஏசுவதா விடுவதா என்று தெரியவில்லை. விதைப்புக்கு ஆள் இல்லை.

---

பரந்தன்_சந்தி எழுதியது:

ஏசுங்கள் அண்ணை, ஆனால் விதைப்புக்காக ஏசுங்கள், கதைக்காக வேண்டாம். டால்ஸ்டாயின் "அன்னா கரேனினா"வில் லெவின் என்று ஒரு நிலக்காரர் குடியானவர்களோடு சேர்ந்து நாள் முழுக்கப் புல் வெட்டுவார். அந்த அத்தியாயத்தை மகனிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் வயலுக்குக் கூட்டிப் போகவும். நா. தர்மராஜன் தமிழில் செய்திருக்கிறார்.

---

காலபோகம் எழுதியது:

நல்ல யோசனை. ஆனால் அவன் வாசித்துவிட்டு லெவினுக்குக் கூலி ஆள் இருந்தது என்பான்.

---

குமுளமுனை_வாசகி எழுதியது:

மதி "குற்றமும் தண்டனையும்" பாதியில் என்று எழுதியிருந்தார். எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பா? அதுதான் என்றால் நிறுத்தாமல் போகவும். ரஸ்கால்நிகவ் படிப்பைப் பாதியில் விட்ட மாணவன், பணம் இல்லை, கூடு மாதிரி ஓர் அறை, அதற்குள் இருந்து பெரிய யோசனைகள். 1866இல் வந்த நாவல். நான் அதில் மாட்டுப்பட்டது கொலையில் இல்லை, முதல் பாகத்தில் தாய் எழுதும் நீண்ட கடிதத்தில். தங்கை தூனியா தனக்குப் பிடிக்காத ஓர் ஆளைக் கலியாணம் செய்யச் சம்மதித்துவிட்டாள், எல்லாம் உன் நன்மைக்குத்தான் என்று தாய் நேரே சொல்லாமல் சொல்கிறாள். அவன் படித்து முடித்து அந்த ஆளின் கந்தோரில் சேரலாமாம். எங்கள் வீட்டில் அக்கா ஓ.எல்லோடு நின்று கார்மென்ட்ஸுக்குப் போனதால்தான் நான் ஏ.எல் படித்தேன். அந்தக் கடிதத்தை வாசித்த நாளில் அக்காவுக்குப் போன் எடுத்தேன். என்னடி இந்த நேரத்தில் என்றாள். சும்மா என்றேன்.

மதிக்கு ஒரு சின்ன ஆலோசனை. அது முடிந்த கையோடு கரமசோவ் சகோதரர்களுக்குப் போய்விடாமல் நடுவில் "வெண்ணிற இரவுகள்" வாசிக்கவும். சின்னது. ரா. கிருஷ்ணய்யாவின் தமிழ். மூச்சுவிட இடம் கிடைக்கும். ஊர்ப் பக்கம் ஏதாவது வேண்டும் என்றால் அ. பாலமனோகரனின் "நிலக்கிளி", 1973. தண்ணிமுறிப்புக் காடும் குளமும்தான் கதைக்களம். எங்கள் குமுளமுனைச் சனத்துக்கு அது பக்கத்து வீட்டுக் கதை.

---

மல்லாவி_மதி எழுதியது:

அந்தக் கடிதத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா? எங்கள் வீட்டில் அண்ணா. வேறொன்றும் சொல்லவில்லை.

தரப்பாள் அண்ணை, 194 இன்றைக்கு வாசித்தேன். "பண்பிலாளன்" என்ற இடத்தில் கொஞ்சம் பயந்துவிட்டேன். பாடத்திட்டத்தில் "யாதும் ஊரே"யைத்தான் வைப்பார்கள், இதை வைக்க மாட்டார்கள் போல.

மணிமேகலை 27 தொடங்கினேன். உரை இல்லாமல் ஒரு வரியும் நகரவில்லை. பிரதேச சபை நூலகத்தில் கேட்டேன். போட்டிப் பரீட்சைப் புத்தகங்கள்தான் நிறைய இருக்கின்றன. உரையோடு யாரிடமாவது இருந்தால் சொல்லவும். இந்தியப் பதிப்பு வாங்கலாம் என்று பார்த்தால் 2022க்குப் பிறகு விலை தொட முடியவில்லை.

அளவை அக்காவிடம் (அக்காதானே?) ஒரு கேள்வி. மெனோவைத் திரும்ப வாசித்தேன். படிப்பதெல்லாம் நினைவுகூர்தல்தான், ஆன்மா முன்னமே எல்லாவற்றையும் அறிந்திருந்தது என்று சோக்கிரட்டீஸ் சொல்கிறார், அதற்குச் சாட்சியாகத்தான் அந்தப் பையனைக் கூப்பிடுகிறார். ஆனால் மூலைவிட்டத்தைக் கீறியது யார்? சோக்கிரட்டீஸ்தான். பையன் அதுவரை மூலைவிட்டம் என்று வாயே திறக்கவில்லை. ஆம், ஆம் என்று மட்டும் சொல்கிறான். இது நினைவுகூர்தல் இல்லை, ரியூசன். இதை எப்படி நிரூபணம் என்று ஒத்துக்கொள்வது?

---

அளவை எழுதியது:

அண்ணா. பரவாயில்லை.

நல்ல இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். பிளேட்டோ சார்பாக வாதாடிப் பார்க்கிறேன். மூலைவிட்டத்தைக் கீறியது அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது 8 தான் என்பதைப் பையன் எப்படி ஏற்றுக்கொள்கிறான்? அவர் சொன்னதால் இல்லை. ஒவ்வொரு சதுரத்திலும் பாதியை மூலைவிட்டம் வெட்டுகிறது, அப்படி நாலு பாதி இருக்கிறது என்று அவனே எண்ணிப் பார்க்கிறான். 3 என்று அவன் சொன்னபோது 9 வந்ததையும் அவனே பார்த்தான். அவர் படத்தைக் கொடுத்தார், சரி பிழை பார்க்கிற தீர்ப்பு அவனுடையது. அந்தத் தீர்ப்பை அவனுக்கு யார் படிப்பித்தது? முன்னமே படிப்பிக்கப்படாத ஏதோ ஒன்று அவனுக்குள் வேலை செய்கிறது என்பதுதான் பிளேட்டோவின் வாதம் என்று வாசிக்கலாம்.

---

மல்லாவி_மதி எழுதியது:

எண்ணத் தெரிவதும் சரி பிழை தெரிவதும் ஒன்று. முற்பிறப்பில் எல்லாம் படித்துவிட்டேன் என்பது வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் பாய்கிறார். புகையைப் பார்த்து நெருப்பு என்றால் சரி, புகையைப் பார்த்து அடுக்களையில் என்ன கறி என்று சொல்கிறார். 29ஆவது காதை வாசித்தால் இதற்கு ஒரு பெயர் இருக்குமோ?

---

அளவை எழுதியது:

இருக்கும். போலி ஏதுக்கள் என்று அந்தக் காதையில் நீளமாகப் போகும். எது என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே தேடிப் பொருத்திப் பாருங்கள். பிறகு பார்க்கலாம் யார் சரி என்று. உண்மையில் சோக்கிரட்டீஸே அந்தப் பகுதியின் முடிவில் மற்றதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை, தெரியாததைத் தேட வேண்டும் என்பதில் மட்டும் சண்டை பிடிப்பேன் என்கிற மாதிரி ஒன்று சொல்லுவார். அதையும் பார்க்கவும்.

---

ஏ9_பயணி எழுதியது:

நான் இன்னும் என் கட்சியில்தான் நிற்கிறேன். ஆனால் இப்படி வாதாடுகிற பிள்ளைக்கு வைவா பயம் இருக்காது. அது மட்டும் உறுதி.

---

முள்ளியவளை_வாத்தி எழுதியது:

மணிமேகலை உரையோடு என்னிடம் இருக்கிறது. 2009க்குப் பிறகு வவுனியாவில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, முதுகு பிய்ந்திருக்கும். தபாலில் போட்டால் வந்து சேரும் வரை எனக்கு நித்திரை வராது. வெள்ளிக்கிழமை காலை முல்லைத்தீவு பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். மாங்குளம் சந்தியில் தேநீர்க் கடைக்காரரிடம் இறக்குவார், அங்கே வந்து எடுத்துக்கொள்ளும். கடையின் பெயரைத் தனிமடலில் அனுப்புகிறேன். பென்சிலால் கோடு போடலாம், பேனை வேண்டாம். குமுளமுனைப் பிள்ளை அடுத்ததாகக் கேட்டிருக்கிறார், முடிந்ததும் அவருக்கு அனுப்பும்.